பேக்கை வாங்காதே, போட்டியை வாங்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. ஜூலைக் கடைசியில் குடும்பத்தோடு இங்கிலாந்தை விட்டுப் பெரம்பூர் வீட்டுக்கே வந்துவிடுகிறீர்கள் என்பதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷனுக்கு இரண்டு வரி, கால்பந்து பார்க்க என்ன செலவாகும் என்று கேட்டு ஒரு முழுப் பக்கம்! நீ திருந்தவே மாட்டாய். அட்மிஷன் விஷயமாகக் கோமதி தங்கச்சியிடம் போனில் பேசிக்கொள்வாள். நான் பந்து விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

அங்கே ஸ்கை, டிஎன்டி சேனல்களுக்கு மாதாமாதம் கட்டிப் பழகிய கையோடு இங்கே வந்ததும் ஒரு ‘ஸ்போர்ட்ஸ் பேக்’ போட்டுவிடாதே. அங்கே 2025 முதல் 2029 வரை நான்கு சீசனுக்கு அந்த நாட்டு முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் ஒளிபரப்பு உரிமையை விற்ற விலை 670 கோடி பவுண்டு. ஸ்கைக்குக் குறைந்தது 215 ஆட்டம், டிஎன்டிக்கு 52. ஒரு சீசனில் மொத்தம் 380 என்பதால், இரண்டு சந்தாவும் கட்டினாலும் நூறு சொச்சம் ஆட்டம் உனக்கு நேரலையில் கிடையாது. சனிக்கிழமை மதியம் 2:45 முதல் 5:15 வரை எந்த ஆட்டத்தையும் காட்டக் கூடாது என்ற பழைய தடை வேறு. அந்தத் தடை அந்த நாட்டோடு சரி. அங்கே நீ ரேடியோவில் கேட்கிற மூன்று மணி ஆட்டத்தை இங்கே இரவு 7:30-க்குச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது 8:30 ஆகிவிடும். ஐரோப்பிய கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்தான் கொடுமை: இங்கே இரவு 12:30-க்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் 1:30 ஆகிவிடும்.

இங்கே விலை குறைவு என்பதற்காகக் கம்பெனிக்காரர்களைப் புண்ணியவான்கள் என்று நினைத்துவிடாதே. கிரிக்கெட் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தோடு கால்பந்தும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, அவ்வளவுதான். நம் ஊரில் சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஐபிஎல்லுக்காகக் கட்டுகிறார்கள். கால்பந்துக்கென்று தனி விலை வைத்தால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் உரிமைகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஸ்பெயின் நாட்டு லீக்கான லா லிகாவைப் பார். 2018-ல் ஃபேஸ்புக்கில் இலவசமாக வந்தது, 2021-ல் வயாகாம்18-க்குப் போனது, 2024-ல் அதிகம் பேர் கேள்விப்பட்டிராத ஒரு தளத்துக்கு, 2025-ல் ஃபேன்கோடு ஆப்புக்கு. நீ பார்சிலோனா ரசிகனாக இருந்திருந்தால் ஏழு வருஷத்தில் நாலு வாசல் ஏறியிருப்பாய். ஆகவே எது எதுவரை யார் கையில் என்பதைப் பார்த்துத்தான் காசைக் கட்ட வேண்டும்.

பிரீமியர் லீக் ஜியோஸ்டாரிடம்: டிவியில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் செலக்ட், ஆப்பில் ஜியோஹாட்ஸ்டார். ஒப்பந்தம் 2028 வரை. சாம்பியன்ஸ் லீக் சோனியிடம் 2027 வரை, ஆப் சோனிலிவ். லா லிகா ஃபேன்கோடில். அங்கே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் பாஸ் வாங்கலாம் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. நம் நாட்டு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கதையை நேரில் பேசிக்கொள்ளலாம். 2010-ல் போட்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்து, சீசன் உரிய நேரத்தில் தொடங்காமல் இழுத்தடித்தது. சென்னையின் ஆட்டத்துக்குப் பெரியமேடு ஸ்டேடியத்துக்கே போய்விடுவோம்.

இனி கேபிள் கணக்கு. உன் அப்பா காலத்து செட்டாப் பெட்டி இன்னும் ஹாலில் இருக்கிறது. 2003-ல் இந்தியாவிலேயே நம் ஊரில்தான் முதலில் பெட்டி வைக்கச் சொன்னார்கள், நினைவிருக்கும். இப்போதைய முறை 2019 பிப்ரவரியில் வந்தது. ‘நெட்வொர்க் கட்டணம்’ என்று ஒன்று, அதற்கு மேல் நீ கேட்கும் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை, எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நெட்வொர்க் கட்டணத்துக்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வைத்த உச்சவரம்பு 130 ரூபாய், வரியோடு 153.40. 2024 ஜூலையில் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். எனவே உன் ஆபரேட்டர் என்ன வாங்குகிறார் என்று பில்லில் தனியாகப் பார்.

சேனல் விலை பலதும் 19 ரூபாயில் வந்து நிற்பதைக் கவனிப்பாய். 19-க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்பது விதி. தொகுப்பில் இல்லாத சேனலைத் தேடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் யாரும் அந்தக் கோட்டைத் தாண்ட விரும்புவதில்லை. ஆபரேட்டர் உனக்கு நீட்டும் தொகுப்பில் ஏழெட்டு விளையாட்டுச் சேனல் இருக்கும். அதில் பாதி ஒரே கிரிக்கெட் ஆட்டத்தை வேறு வேறு மொழியில் காட்டுபவை. கால்பந்து வருகிற சேனல் உள்ளே இருக்கிறதா என்று எண்ணைச் சொல்லிக் கேள். எஸ்டி இருக்கும், எச்டி இருக்காது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 இருக்கும், செலக்ட் இருக்காது. பெரும்பாலானோர் ஏமாறுகிற இடம் இதுதான்.

பழைய 130-ஐ வைத்தே போட்டுப் பார். 19 ரூபாய்ச் சேனல் இரண்டு சேர்த்தால் 168, வரியோடு 198.24. ஆகஸ்ட் முதல் மே வரை பத்து மாதத்துக்கு 1,982 ரூபாய். அப்படியும் சனிக்கிழமை 7:30-க்கு ஒரே நேரத்தில் நாலைந்து ஆட்டம் நடந்தால் இரண்டு சேனலில் இரண்டுதான் வரும். மீதி ஆப்பில். அம்மாவுக்கு சீரியலுக்குக் கேபிள் எப்படியும் வேண்டும் என்றால் விளையாட்டுச் சேனல் எதுவும் இல்லாமல் அடிப்படை இணைப்பை மட்டும் வைத்துக்கொள். இரண்டாவது டிவிக்குத் தனி இணைப்பு வாங்கச் சொல்வார்கள், கேட்காதே.

ஆப் பக்கம் வா. ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் தொடங்கியபோது வைத்த விலை இது. மொபைல் திட்டம் மூன்று மாதம் 149, வருஷம் 499. சூப்பர் மூன்று மாதம் 299, வருஷம் 899. பிரீமியம் மாதம் 299, மூன்று மாதம் 499, வருஷம் 1,499. வாங்கும் அன்றைக்கு விலையைச் சரிபார்த்துக்கொள், கணக்குப் போடும் விதம் மாறாது. உனக்கு சூப்பர் போதும். பத்து மாத சீசனுக்கு அதன் மூன்று மாதத் திட்டம் நான்கு முறை வேண்டும்: 299 நான்கு தடவை 1,196. வருஷத் திட்டம் 899. ஒப்பந்தம் 2028 வரை என்பதால் இதை வருஷத்துக்கே வாங்கலாம், ஆனால் ஆகஸ்டில் முதல் ஆட்டத்தன்று வாங்கு. வந்து இறங்கியதும் ஜூலையில் வாங்கினால் ஒரு மாதம் வீண். பிரீமியத்துக்குப் போகாதே. விளம்பரம் இல்லை என்று சொன்னாலும் நேரடி விளையாட்டில் விளம்பரம் வரத்தான் செய்யும். நாலு திரையில் ஒரே நேரம் பார்க்கிற வீடும் அல்ல உன்னுடையது.

மொபைல் திட்டம் ஒரு போனில் மட்டும் ஓடும், டிவிக்கு அனுப்ப முடியாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் செல்போன் ரீசார்ஜோடு ‘இலவசம்’ என்று வருவது பெரும்பாலும் இந்த மொபைல் திட்டம்தான். வீட்டு ஃபைபர் இணைப்போடு வரும் ஆப்களிலும் எந்தத் திட்டம் என்று கேட்டு வாங்கு. நீ எப்படியும் ஃபைபர் போடப் போகிறாய். ஆப் இல்லாத பிளானுக்கும் ஆப் உள்ள பிளானுக்கும் மாத வித்தியாசம் எவ்வளவு, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் தனியாக வாங்குவதை விடக் குறைகிறதா என்று பார்த்தால் போதும்.

சாம்பியன்ஸ் லீக்குக்கு வேறு கணக்கு. செப்டம்பர் முதல் ஜனவரி வரை லீக் சுற்றில் ராத்திரி ஒன்றரைக்கு எழுந்து எத்தனை ஆட்டம் பார்ப்பாய்? உண்மையைச் சொல். பிப்ரவரியில் நாக்கவுட் தொடங்கும்போது மாதச் சந்தாவாக எடுத்து இறுதி ஆட்டத்தோடு விட்டுவிடலாம். வருஷ விலையை மாத விலையால் வகுத்துப் பார். வருவது நாலைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் வருஷத்துக்குப் போ.

விட்டுவிடுவது என்றேன் அல்லவா, அதில்தான் காசு போகிறது. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யுபிஐயில் கட்டியிருந்தால் அதே யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்ய வேண்டும். கார்டில் என்றால் வங்கியின் இ-மேண்டேட் பக்கத்தில். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதே. ரத்து செய்தாலும் கட்டிய காலம் வரை பார்க்கலாம் என்பதால் சந்தா எடுத்த அன்றே ஆட்டோபேயை நிறுத்திவிடுவது உத்தமம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது. 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் எச்டி ஒளிபரப்பு இரண்டு மணி நேரத்தில் 4.5 ஜிபி இழுக்கும். தினசரி 2 ஜிபி போன் பேக் என்றால் 53 நிமிடம், அதாவது இடைவேளையோடு தீர்ந்துவிடும். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பாதே. டிவிக்கு ரவுட்டரிலிருந்து லேன் கம்பி இழுத்துவிடு. உங்கள் பழைய வீட்டுச் சுவர் கனமானது, ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பலவீனமாகத்தான் வரும், 2.4-ல் பக்கத்து வீடுகள் எல்லாம் குறுக்கே நிற்கும். கரண்ட் போனால் டிவி இன்வெர்ட்டரில் ஓடும், ரவுட்டர் ஓடாது. அதற்குச் சின்ன டிசி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்: 12 வோல்ட் 1 ஆம்பியரா, 2 ஆம்பியரா. 9 வோல்ட் வாங்கி மாட்டினால் விளக்கு எரியும், நெட் வராது.

ஆப்பில் கோல் தாமதமாகத்தான் விழும். ஒளிபரப்பைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். துண்டு ஆறு விநாடி, ஆப் மூன்று துண்டைக் கையிருப்பு வைத்துத்தான் ஓட்டும் என்றால் அங்கேயே 18 விநாடி. குறியாக்கமும் வழியும் சேர்ந்தால் அரை நிமிடம் ஆகிவிடும். பக்கத்து வீட்டில் டிஷ் இருந்தால் அவர்கள் கத்துவது உனக்கு முன்கூட்டியே கேட்கும். நம் பசங்க வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்துவிட்டு உட்கார்.

அப்படியானால் டிஷ்ஷே போட்டுவிடலாமா என்பாய். டாடா ப்ளே செயற்கைக்கோள் 83 டிகிரி கிழக்கில். சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கே, ஏறக்குறைய 74 டிகிரி உயரத்தில், தலைக்கு மேல் என்றே சொல்லலாம். எதிர்வீட்டு மாடி மறைக்காது, மாமரக் கிளை மறைக்கும். பிரச்சினை ஐப்பசி கார்த்திகையில். கேயூ பேண்ட் அலையைக் கனமழை விழுங்கிவிடும், அது பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரியாகும். மழை விட்டும் படம் வரவில்லை என்றால் எல்என்பியில் (தட்டின் முன்னால் நீட்டி நிற்கும் சின்ன அலைவாங்கி) மாட்டும் எஃப் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். ரப்பர் உறை போடச் சொல். கேபிள் ஜன்னலுக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு தொங்கல் வளையம் விடச் சொல், தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும். கால்பந்து உலகக் கோப்பைக்கு மட்டும் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் போதும், மாதச் சந்தா கிடையாது. 2007-ம் வருஷச் சட்டப்படி அரையிறுதி, இறுதி ஆட்டங்களைத் தூர்தர்ஷனுக்குப் பகிர்ந்தாக வேண்டும். ஆனால் 2017 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு அது தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும், கேபிள் பெட்டியில் வராது. ஃப்ரீ டிஷ் தட்டு தென்கிழக்கே பார்க்க வேண்டும், 68 டிகிரி உயரத்தில்.

உன் மச்சினன் சொன்ன ‘எல்லா நாட்டுச் சேனலும் வருஷம் இவ்வளவு’ பெட்டியைத் தொடாதே. யாரோ ஒருவருடைய யுபிஐக்குக் காசு போகும், முக்கியமான ஆட்டத்தன்று லிங்க் செத்துக் கிடக்கும், கேட்க ஆள் இருக்காது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே இறக்கும் ஆப் கோப்பு (ஏபிகே), எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால் ஓடிபியைக் கொடுத்தது போல்தான். பேராசை கம்பெனிகளிடமும் இருக்கிறது, மறுக்கவில்லை. பிரான்சில் டாசோன் என்ற ஒளிபரப்பு நிறுவனம் 2024-ல் அந்த நாட்டுக் கால்பந்து லீக்கை வருஷம் 40 கோடி யூரோவுக்கு எடுத்து, பார்க்கிறவர்களிடம் மாதம் முப்பது நாற்பது யூரோ கேட்டு, ஒரே சீசனில் ஓடிப்போனது. அடுத்த வருஷம் லீக்கே சொந்தச் சேனல் தொடங்கி மாதம் 14.99 யூரோவுக்கு விற்றது.

வியாசர்பாடிப் பசங்களுக்குப் பெரிய திரை போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நல்ல யோசனை, ஆனால் உன் வீட்டு ஆப் கணக்கில் போடாதே. அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். உங்கள் நாட்டு போர்ட்ஸ்மவுத் பப் நடத்திய கரன் மர்ஃபி கிரேக்க நாட்டுச் சேனலின் டிகோடர் கார்டு வைத்து ஆட்டம் காட்டிய வழக்கு தெரியுமே. 2011-ல் ஐரோப்பிய நீதிமன்றம், வேறு நாட்டுக் கார்டு வாங்குவதைத் தடுக்க முடியாது என்றது. அதே தீர்ப்பில், லீக்கின் பாட்டும் கிராபிக்ஸும் பப்பில் பொதுவில் ஓட அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. இங்கே வணிகச் சந்தாவுக்குத் தனி விலை. கேபிள்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கலாம். கிளப் பெயரில் கேட்போம்.

ஸ்கை பெட்டியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடு. அந்தச் செயற்கைக்கோளின் கதிர் இங்கே விழாது, பெட்டி பாரம்தான். டிவியைக் கொண்டு வரலாம், எச்டிஎம்ஐ எங்கேயும் எச்டிஎம்ஐதான். அப்பா பெயரில் உள்ள கேபிள் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வாடிக்கையாளர் எண்ணை அம்மாவிடம் படித்துச் சொல்லச் சொல்; நீ வருவதற்குள் அதில் இப்போது எந்தெந்தச் சேனலுக்குக் காசு போகிறது என்று கேட்டு வைக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
முரளி