பாட்டி காலத்துக் கணக்கு

சென்னை

அன்புள்ள விசாலம்,

உன் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய்க்கான முதல் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. “நம் பாட்டி காலத்தில் இந்த நோய் ஏது? எல்லாம் கடைச் சாப்பாடும் பிளாஸ்டிக்கும் செய்கிற வேலை” என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாட்டி காலத்தில் யார் கணக்கெடுத்தார்கள்? சென்னையில் ஒழுங்கான புற்றுநோய்ப் பதிவேடு அடையாறு மருத்துவமனையில் தொடங்கியதே எண்பதுகளின் முற்பகுதியில்தான். அப்போது பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். இன்று அது வெகுவாகக் குறைந்து, மார்பகப் புற்றுநோய் முன்னே வந்துவிட்டது. நாம் படித்தோம், தாமதமாக மணந்தோம், ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டோம். கருப்பைவாயைக் காப்பாற்றிய அதே மாற்றம் மார்பகத்திடம் வட்டி வசூலிக்கிறது. 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்டார்கள்: ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆபத்து ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது, தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் 4.3 சதவீதம். ஏழெட்டுப் பெற்று வருடக்கணக்கில் பாலூட்டிய பாட்டிக்கு அந்தக் காப்பு இருந்தது. பிரசவத்தில் சாகாமல் தப்பியிருந்தால். இதைக் காட்டி “அதனால்தான் பெண்கள் நேரத்தில் கல்யாணம் செய்ய வேண்டும்” என்று ஆரம்பிக்கும் பெரியவர்கள் எங்கள் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. உடல் பருமனும் உழைப்புக் குறைவும் சேர்ந்துகொள்கின்றன என்பது உண்மைதான். ஆயுள் நீண்டதும் ஒரு காரணம்.

எனக்குக் கோபம் வருவது வேறு கணக்கில். உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது: வளம் மிகுந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது, 71இல் ஒருவர் இறக்கிறார். மிகவும் பின்தங்கிய நாடுகளில் 27இல் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆனால் 48இல் ஒருவர் இறக்கிறார். குறைவாக வந்து, கூடுதலாகக் கொல்கிறது! இந்தியாவில் 2022இல் புதிய நோயாளிகள் சுமார் 1.92 லட்சம், இறப்புகள் 98 ஆயிரம். கட்டி வலிப்பதில்லை, அதனால் காட்டுவதில்லை. காட்ட நினைத்தாலும் கூச்சம், துணைக்கு ஆள் இல்லை, பரிசோதனைக்குப் பணம் இல்லை. மருத்துவரிடம் போய்ச் சேரும்போது அது அக்குளுக்குப் பரவியிருக்கிறது.

மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் இயந்திரத்தை ஊருக்கு ஊர் வைக்க நம்மால் ஆகாது என்று கைவிரிக்கிறவர்களுக்கு மும்பையில் பதில் இருக்கிறது. டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இருபது ஆண்டு ஆய்வு நடத்தியது. அவர்களில் ஒரு பாதிக்கு, பத்தாவது படித்த பெண்களுக்குப் பயிற்சி தந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதிக்க வைத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்த நோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிப் பலன் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் 2021இல் வெளியிட்டார்கள்.

நாம் இருவருமே அறுபதைத் தாண்டியவர்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது கேட்டுவிடு. உன் ஓரகத்தியையும் இழுத்துக்கொண்டு போ.

நாத்தனாருக்கு அடுத்த கீமோ என்றைக்கு என்று எழுது. அந்த வாரம் நான் வந்து இருக்கிறேன், நீ கொஞ்சம் தூங்கலாம்.

அன்புடன்,
கோமதி