நகையைத் தண்ணீரில் நிறுத்துப் பார்க்கும் சோதனை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கும்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகைக் காணொளி சுற்றத் தொடங்கிவிடுகிறது. மின் தராசின் மீது ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, நகையை நூலில் கட்டி, அடியில் படாமல் அதற்குள் தொங்கவிட்டு, தராசு கூடுதலாகக் காட்டும் எடையால் நகையின் எடையை வகுக்கிறார்கள். விடை 17-ஐத் தாண்டினால் 916 தங்கம், தாண்டாவிட்டால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் அடர்த்தி அளப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், இந்தச் சோதனையின் அடிப்படை சரியானது என்பதையும், அதிலிருந்து எடுக்கப்படும் தீர்ப்பு பெரும்பாலும் நம்பத்தகாதது என்பதையும் தங்கள் நாளிதழின் வழியே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தண்ணீரில் மூழ்கும் பொருள் தன் பருமனுக்குச் சமமான நீரை விலக்குகிறது. விலக்கப்பட்ட நீரின் எடையே தராசில் கூடுதலாகத் தெரிகிறது. அந்த எடையால் நகையின் எடையை வகுத்தால் நகையின் அடர்த்தி கிடைக்கும். மன்னரின் கிரீடத்தை ஆர்க்கிமிடீஸ் சோதித்த கதையை அறியாத மாணவர் இருக்க மாட்டார். ஆனால், வழிந்த நீரை அளந்து கலப்படத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் அந்த முறையில் போதிய நுண்மை கிடைக்காது என்று 1586-ஆம் ஆண்டிலேயே இளைஞரான கலிலியோ எடுத்துக்காட்டி, பொருளைத் தண்ணீருக்குள்ளேயே நிறுக்கும் தராசு ஒன்றை விவரித்தார் என்பது பாடநூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. எவ்வளவு நுண்மையாக அளக்கிறோம் என்ற அதே கேள்விதான் இந்தக் காணொளிகளிலும் விடுபட்டுப் போகிறது.

பத்து கிராம் எடையுள்ள ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி, அதில் சேர்ந்திருக்கும் வெள்ளி, செம்பு ஆகியவற்றின் விகிதத்தைப் பொறுத்துச் சற்றே மாறினாலும், கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 17.7 கிராம் என்று கொள்ளலாம். அப்படியானால் அந்தச் சங்கிலி விலக்கும் நீர் வெறும் 0.56 கிராம். சமையலறையில் மாவு நிறுக்கும் தராசு ஒரு கிராமுக்குக் கீழே எதையும் காட்டாது என்பதால் அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. 0.1 கிராம் வரை காட்டும் தராசில் 0.5 அல்லது 0.6 என்று தெரியும். முதல் எண்ணால் வகுத்தால் அடர்த்தி 20, அதாவது 19.3 அடர்த்தியுள்ள சுத்தத் தங்கத்தையும் மிஞ்சிய தங்கம். இரண்டாவது எண்ணால் வகுத்தால் 16.7, அதாவது காரட் குறைந்த தங்கம். நகை ஒன்றுதான், தராசின் கடைசி இலக்கம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதே வேறுபாடு. 0.01 கிராம் வரை காட்டும் தராசிலும்கூட, கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ விடை 17.5 முதல் 18.2 வரை அலையும். சங்கிலியின் கண்ணிகளுக்கு இடையே மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தால் 17.7 என்பது 17.3 ஆகக் குறைந்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நகையை மெதுவாக ஆட்டி, குமிழிகளைப் போக்க வேண்டும் என்று எந்தக் காணொளியும் சொல்லி நான் பார்த்ததில்லை. இதற்கு மாறாக, நூறு கிராம் தங்கக் கட்டி 5 கிராமுக்கும் அதிகமான நீரை விலக்கும் என்பதால், அதே தராசே அங்கே பத்து மடங்கு நம்பகமான விடையைத் தரும்.

தாலிக்கொடியில் கோக்கும் குண்டுகள், உள்ளே அரக்கு நிரப்பிய வளையல்கள், கல் பதித்த தோடுகள் போன்றவற்றுக்கு இந்தச் சோதனை அறவே பொருந்தாது. அவற்றில் கிடைப்பது தங்கம், அரக்கு, கல், அடைபட்ட காற்று எல்லாவற்றின் சராசரி அடர்த்தியே. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலுள்ள நகைக்கடையில் போய்ச் சண்டை போடுவது முறையன்று.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்தியோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது என்பதால், உள்ளே டங்ஸ்டன் வைத்து மேலே தங்கம் போர்த்திய கட்டி தண்ணீர்ச் சோதனையில் தேறிவிடும். உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்த்தாலும் மேற்பரப்பு மட்டுமே பேசும். கடைகளில் உள்ள எக்ஸ்ரே கருவியும் மேலோட்டமான மெல்லிய படலத்தை மட்டுமே ஆராயும். அங்கே வேறொரு பண்பை அளந்தாக வேண்டும்: ஒலி தங்கத்தினூடே வினாடிக்கு ஏறத்தாழ 3,200 மீட்டர் வேகத்திலும் டங்ஸ்டனினூடே ஏறத்தாழ 5,200 மீட்டர் வேகத்திலும் செல்வதால், மீயொலிக் கருவி இரண்டையும் எளிதில் பிரித்துவிடுகிறது. ஒரே ஒரு பண்பை நம்புவதன் ஆபத்தைப் பழைய பால்காரர்களும் அறிவார்கள். எருமைகளின் பெயரைத் தாங்கிய பஃபலோ ரோடு இன்றும் லிட்டில் இந்தியாவில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் மாடுகள் நின்ற காலத்தில் பாலை வாங்கியவர்களுக்குத் தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி குறையும் என்பது தெரிந்திருக்கலாம். ஆனால் ஏட்டை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும் என்பதால், ஏட்டையும் எடுத்துத் தண்ணீரையும் அளவாக ஊற்றினால், பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானி ஒன்றுமே நடக்காததுபோல் மிதக்கும். அதனால்தான் பால் ஆய்வில் கொழுப்பின் அளவையும் உறைநிலையையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

தண்ணீரின் அடர்த்தியை 1 என்றே வைத்துக் கணக்கிடுகிறார்களே என்று சிலர் கேட்கலாம். நம் ஊர் அறை வெப்பநிலையான 30 பாகை செல்சியஸில் அது 0.9957, நகைச் சோதனையில் மற்றப் பிழைகளோடு ஒப்பிட்டால் இது பெரிதன்று. எண்ணெயில் நிலைமை தலைகீழ். கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகின் மிகப் பெரிய துறைமுகமான சிங்கப்பூரில், எண்ணெய் டன் கணக்கில் விற்கப்பட்டாலும், நெடுங்காலம் தொட்டியில் நாடாவை விட்டு மட்டத்தைப் பார்த்து, பருமனைக் கணித்து, அதை அடர்த்தியால் பெருக்கியே எடை காணப்பட்டது. 15 பாகையில் கன மீட்டருக்கு 991 கிலோகிராம் அடர்த்தியுள்ள கனரக எரிபொருள், குழாயில் ஓடுவதற்காக 45 பாகைக்குச் சூடேற்றப்பட்டால் ஏறத்தாழ 970 ஆக இளகிவிடும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காதவர் ஆயிரம் டன்னுக்கு ஏறக்குறைய இருபது டன் இழப்பார். போதாக்குறைக்கு, எண்ணெய்க்குள் காற்றை ஊதி நுரைக்கவைத்து மட்டத்தை உயர்த்திக்காட்டும் மோசடியும் இருந்தது. தொழிலில் உள்ளவர்கள் அதை, நுரை பொங்கும் காப்பியின் பெயரால், கப்புச்சினோ என்பார்கள். சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் 2017-ஆம் ஆண்டு முதல் கப்பல் எரிபொருளுக்கும், 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் டீசல் வகைகளுக்கும் நிறை ஓட்டமானியைக் கட்டாயமாக்கியது. அதிரும் வளைகுழாயின் ஊடே எண்ணெய் பாயும்போது குழாய் சற்றே முறுகுகிறது. அந்த முறுக்கு, பாயும் நிறையை நேரடியாகத் தருகிறது. அதிர்வெண் மாறுவதைக் கொண்டு அடர்த்தியும் தெரிந்துவிடுகிறது. காற்று கலந்தால் அதுவும் அந்த அளவீடுகளில் வெளிப்படுகிறது.

இத்துறையில் எந்தக் கருவியானாலும், அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் தரும் அளவுத்திருத்தச் சான்றிதழில் எண்ணோடு, அது எவ்வளவு அலையலாம் என்று சொல்லும் ஐயப்பாட்டு அளவும் அச்சிடப்பட்டிருக்கும். அது இல்லாத எண்ணை யாரும் கணக்கில் கொள்வதில்லை. தங்கள் நாளிதழ் இத்தகைய வீட்டுச் சோதனைகளை வெளியிடும்போது, தராசு எத்தனை இலக்கம் காட்ட வேண்டும், பொருள் எத்தனை கிராமுக்குக் குறையக்கூடாது, விடை எவ்வளவு அலையலாம் என்ற மூன்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நகையின் தூய்மையில் உண்மையாகவே ஐயம் உள்ளவர்கள், சிறு துணுக்கை வெட்டிக் கொடுக்கச் சம்மதித்தால், ஈயமும் வெள்ளியும் சேர்த்துப் புடமிட்டு, வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, எஞ்சிய தங்கத்தை நிறுக்கும் பழைய முறையைச் செய்யும் ஆய்வுக்கூடத்தை நாடலாம். உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடர்த்தி பாடத்தின்போது ஒரே வளையலை வகுப்பிலுள்ள ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே தண்ணீரில் நிறுத்து, கிடைத்த விடைகளை எல்லாம் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்