கான்கார்டில் குடியிருந்தவர்கள் அந்த நாலு பேர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் கான்கார்ட் ஊரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அதில் எமர்சன், தோரோ, ஹாதார்ன், லூயிசா மே ஆல்காட் என்று எழுத்தாளர்கள் நாலு பேரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் நடந்தே போய்வரும் தூரத்தில் குடியிருந்தார்கள் என்றால் யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அரைப் பக்கமும் அவர்களுக்கே போய்விட்டது. போதாக்குறைக்கு, ஊரே அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியது போல எழுதியிருக்கிறீர்கள்.

தோரோ சங்கதியையே பாருங்கள். 1844-ல் பிடித்த மீனைச் சமைக்க அவர் மூட்டிய தீ கைமீறிப் போய், கிட்டத்தட்ட 300 ஏக்கர் காடு எரிந்தது. அதற்கப்புறம் பல வருஷம் 'காட்டைக் கொளுத்தினவன்' என்ற ஏச்சு அவருக்கு ஊரில் இருந்தது. 1849-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தை ஆயிரம் பிரதி அச்சடித்தார்கள். நாலு வருஷம் கழித்து விற்காத 706 பிரதிகளைப் பதிப்பாளர் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். ஊர்க்காரர்களுக்கு அவர் பென்சில் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, கூப்பிட்டால் வந்து நிலம் அளந்து கொடுப்பவர், அவ்வளவுதான். வரி கட்ட மறுத்து ஒரு ராத்திரி சிறையில் இருந்ததும், அதைப் பற்றி எழுதியதைக் காந்தி படித்ததும் நம் எல்லாருக்கும் தெரிந்த கதை, அதற்குள் போகவில்லை.

கான்கார்டின் வால்டன் குளத்தங்கரையில் தோரோ தன் கையால் கட்டிய குடிசைக்கு 28 டாலர் 12½ சென்ட் ஆனது என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லையே. ரயில் பாதை போட வந்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துக் கூலித் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்குப் பேசி வாங்கி, அதைப் பிரித்து எடுத்த பலகை அது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் காலின்ஸும் அவர் குடும்பமும் சாமான்களை ஒரே பெரிய மூட்டையாகக் கட்டிக்கொண்டு வழியில் எதிரே போனதைத் தோரோவே எழுதிவைத்திருக்கிறார். எளிமையாக வாழ்ந்து பார்ப்பதற்காக ஒருவர் வீடு கட்டுகிறார், அதற்கு வேறு வழியில்லாமல் எளிமையாக வாழ்ந்துகொண்டிருந்த குடும்பத்தின் வீடு பலகையாகிறது. காலின்ஸும் அந்த ஊரில் குடியிருந்தவர்தானே?

எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் இஃப்ரேம் புல் பெயரை விட்டதில்தான். பாஸ்டனில் தங்கத்தைத் தகடாக அடிக்கும் தொழில் செய்தவர், நுரையீரல் கோளாறுக்கு நல்ல காற்று வேண்டும் என்று கான்கார்டில் வந்து குடியேறினார். ஹாதார்னுக்கு அடுத்த வீடு. அந்த ஊர்க் குளிருக்கு ஐரோப்பியத் திராட்சை தாங்காது. உள்ளூர்க் காட்டுத் திராட்சை தாங்கும், ஆனால் வாயில் வைக்க முடியாது. புல் அந்தக் காட்டுக் கொடியின் விதையைப் போட்டு, முளைத்ததில் தேறுவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிப் போட்டு, திரும்ப விதைத்து, இப்படியே வருஷக் கணக்கில் பொறுமையாகச் செய்து, 1849-ல் ஒரு கொடியைத் தேர்ந்தெடுத்தார். உறைபனி விழுவதற்குள் பழுத்துவிடுகிற, கருநீலமான, வாசனையான பழம். அதுதான் கான்கார்ட் திராட்சை. அமெரிக்கப் பிள்ளைகள் கடலை வெண்ணெயோடு ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற அந்த ஊதா ஜெல்லியும், 1869-ல் வெல்ச் என்பவர் புளிக்காமல் புட்டியில் அடைத்துக் காட்டிய திராட்சைச் சாறும் இதிலிருந்து வந்தவைதான்.

புல் 1854-ல் ஒரு கொடி 5 டாலர் என்று விற்றார். முதல் வருஷம் நல்ல காசு. ஆனால் திராட்சைக்குக் குச்சி வெட்டி நட்டாலே போதுமே, வாங்கிப்போன நாற்றங்கால்காரர்கள் தாங்களே ஆயிரக்கணக்கில் பெருக்கி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். செடிக்குக் காப்புரிமை தரும் சட்டம் அமெரிக்காவில் வந்ததே 1930-ல். அது வந்தும் அவருக்குப் பிரயோஜனமில்லை, 1895-லேயே அதே ஊர் முதியோர் இல்லத்தில் கையில் காசில்லாமல் செத்துப்போனார். 'விதைத்தது இவர், அறுத்தது மற்றவர்கள்' என்று அவர் கல்லறையில் வெட்டியிருக்கிறது. உங்கள் நால்வரும் இருக்கிற அதே இடுகாடுதான். உங்கள் கட்டுரையாளர் அந்த நால்வரின் கல்லறையோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது.

அப்புறம் எலன் கேரிசன். 1823-ல் கான்கார்டில் பிறந்த கறுப்பினப் பெண். தாத்தா அடிமையாக இருந்தவர், அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்டவர். எலன் ஆசிரியையாகி, உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையான அடிமைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க மேரிலாந்து போனார். 1866-ல் பால்டிமோர் ரயில் நிலையத்தில் பெண்கள் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தார் என்பதற்காக அவரையும் தோழி ஒருவரையும் இழுத்து வெளியே தள்ளினார்கள். அவர் சும்மா விடாமல் அந்த வருஷமே வந்திருந்த குடிமை உரிமைச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார். வழக்கு ஜெயிக்கவில்லை. ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்தது 1955-ல் என்பதை நினைத்துப் பாருங்கள். எலனின் குடும்பம் இருந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, அதுவும் 1775-ல் விடுதலைப் போரின் சண்டை நடந்த வடக்குப் பாலத்துக்குப் பக்கத்திலேயே. பாலத்தின் படம் போட்டீர்களே, இன்னும் நாலு எட்டு வைத்திருக்கலாம்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, தமிழ்ப் பத்திரிகை அதை விட்டிருக்கக் கூடாது. 1846–47 குளிர்காலத்தில் அயர்லாந்துத் தொழிலாளிகள் வால்டன் குளத்தில் பனிக்கட்டியை அறுத்து எடுத்தார்கள். அந்தக் காலத்தில் பாஸ்டனின் டியூடர் கம்பெனி இந்தியாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் கடற்கரையில் அதை வைக்கக் கட்டியதுதான் நம் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். மெட்ராஸ்காரர்களும் தன் குளத்துத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று தோரோ ஊர்ப் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார்.

கடைசியாக ஒரு திருத்தம். ஆல்காட் கான்கார்டில் பிறந்தவர் என்று போட்டிருந்தது. பிறந்தது பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில், 1832-ல். கான்கார்ட் அவர் வளர்ந்து, எழுதி, 1880-ல் பள்ளிக் குழுத் தேர்தலில் ஓட்டுப் போட்ட ஊர். அடுத்த வாரம் திருத்தம் வெளியிடும்போது புல்லுக்கும் எலனுக்கும் ஆளுக்கு இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி