காலையில் தீர்ப்பு, மத்தியானம் கெடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் ஆப்பிரிக்காவில் இருந்த சூலு அரசைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1879 ஜனவரி 22 அன்று இசண்ட்லவானாவில் சூலு வீரர்கள் ஆங்கிலப் படையை முறியடித்ததை விறுவிறுப்பாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் போர் மூண்ட காரணத்தை ‘எல்லைத் தகராறு’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

தகராறு இருந்தது உண்மை. பக்கத்து டிரான்ஸ்வாலில் குடியேறியிருந்த டச்சு வழிவந்த போயர்கள் சூலு நிலத்துக்குள் பண்ணை போட்டுக்கொண்டே வந்தார்கள். 1878இல் பக்கத்து ஆங்கிலக் காலனியான நேட்டாலின் அரசு ஒரு கமிஷன் அமைத்து விசாரித்தது. விசாரித்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகளேதான். அவர்களே நியாயம் பெரும்பாலும் சூலுக்கள் பக்கம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கமிஷனில் இருந்த கர்னல் டர்ன்ஃபோர்ட், பிறகு இசண்ட்லவானாவில் அதே சூலுக்களோடு போரிட்டு மாண்டார் என்பது எவ்வளவு கொடுமை!

தீர்ப்பை தென் ஆப்பிரிக்காவுக்கான ஆங்கில ஹை கமிஷனர் பார்ட்டில் ஃப்ரீயர் மாதக்கணக்கில் வெளியிடாமல் வைத்திருந்தார். டிசம்பர் 11 அன்று துகேலா ஆற்றங்கரையில் ஒரு மரத்தடிக்கு மன்னர் செட்ஷ்வாயோவின் தூதர்களை வரவழைத்தார்கள். காலையில் தீர்ப்பை வாசித்தார்கள். அப்புறம் மாட்டிறைச்சி விருந்து. சாப்பிட்டு முடித்ததும் இறுதிக் கெடுவை வாசித்தார்கள்: முப்பது நாளில் படையைக் கலைக்க வேண்டும், ஆங்கிலப் பிரதிநிதி ஒருவரை ஏற்க வேண்டும். சூலு நாட்டில் படை என்பது வயதுவாரியாகத் திரட்டிய இளைஞர் கூட்டம். மன்னர் அனுமதித்த பிறகுதான் அவர்களுக்குக் கல்யாணமே. அதைக் கலைத்தால் அரசே இல்லை. எந்த மன்னர் சம்மதிப்பார்? போர் வேண்டும் என்றுதான் இப்படிக் கேட்டார்கள்.

இன்னொன்று. 1879 ஜூலை 4இல் சூலு தலைநகர் உலுண்டி எரிந்ததோடு கட்டுரை நின்றுவிடுகிறது. என் பார்வையில் அரசை உண்மையில் உடைத்தது அதற்குப் பின் ஆங்கிலத் தளபதி உல்ஸ்லி செய்த பங்கீடுதான். நாட்டைப் பதின்மூன்று துண்டாக்கி, ஒரு துண்டை ஜான் டன் என்ற வெள்ளைக்காரருக்கே கொடுத்தார். சூலுக்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். 1887இல் ஆங்கிலேயர் நாட்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

1906இல் தலைவரியை எதிர்த்து சூலு தலைவர் பம்பாதா நடத்திய கிளர்ச்சியைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். காயம்பட்ட சூலுக்களுக்கு அப்போது மருந்து கட்டியவர்களில் காந்தியும் ஒருவர்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை