எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் கடலில் அண்மையில் வந்த சிறு நில அதிர்வுக்கு நீங்கள் போட்ட தலைப்பு ‘திருகோணமலையில் நிலநடுக்கம்’. உள்ளே வாசித்தால்தான் அது கரைக்கு அப்பால், கடலில் என்று தெரிகிறது. உப்புவெளியில் எங்கள் குசினித் தட்டில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் பேணிகள் ஒருமுறை கிணுகிணுத்ததோடு சரி. பக்கத்து வீட்டுக்காரர் லொறி போகிறது என்றே நினைத்தாராம். ஆனால் தலைப்பைக் கண்ட கையோடு மூதூரிலிருந்து தங்கச்சி அழைத்தாள். “அண்ணா, அங்க கடல் வத்துதா?” 2004 டிசம்பரில் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடியவள் அவள்.

செய்தியில் இருந்தது ‘திருகோணமலையிலிருந்து இத்தனை கிலோமீற்றர்’ என்ற ஒரே ஓர் எண். எந்தத் திசையில்? வடக்கே என்றால் எங்களைவிடப் புல்மோட்டைக்காரருக்குக் கிட்டவாக இருக்கலாம். தென்கிழக்கே என்றால் மூதூர், வாகரைப் பக்கம். அந்த எண்ணும் நிலத்துக்கடியில் பாறை உடைந்து அதிர்வு தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே உள்ள புள்ளிவரைதான். ஆழம் வேறு கணக்கு. அடிக்கடி வரும் ‘10 கிலோமீற்றர் ஆழம்’ கூடப் பல வேளைகளில் அளந்து கண்டதல்ல. கருவிகள் எட்டத்தில் இருந்தால் கணக்குக்காக வைத்துக்கொள்வது.

தூரத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் பிழை, ஆறுதல் அடைவதும் பிழை. 2004இல் சுமாத்திராவுக்கு அப்பால் ஆடியது எங்களிடமிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். எங்கள் தெருவில் ஒருவருமே ஆட்டத்தை உணரவில்லை; ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் கடல் வந்தது. அதன் அளவு 9.1. அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு ஆகும். அப்படிப் பார்த்தால் 4 அளவுள்ள அதிர்வைவிட அது நாலரைக் கோடி மடங்கு. இந்த மாதிரிச் சின்ன அதிர்வு வாசலடியில் வந்தாலும் கடலைத் தூக்கி எறியாது. அதற்காக, பலமாகவோ நெடுநேரமோ ஆடினால் உங்கள் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. மேட்டுக்கு ஓடத்தான் வேண்டும்.

நான் கேட்பது பெரிய விசயமில்லை. அளவு, திசை, சுனாமி எச்சரிக்கை உண்டா இல்லையா, இந்த மூன்றையும் முதல் வரியிலேயே போடுங்கள். ‘திருகோணமலையில்’ என்பதை ‘திருகோணமலைக்கு அப்பால் கடலில்’ என்று எழுத எவ்வளவு இடம் போகும்?

தங்கச்சிக்கு இவ்வளவும் விளங்கப்படுத்தினேன். சரி, சரி என்றாள். அப்புறம் அன்றிரவு அடையாள அட்டையையும் காணி உறுதியையும் ஒரு பையில் போட்டு வாசலடியில் வைத்துவிட்டே படுத்தாளாம்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர்,
திருகோணமலை.