காற்றின் மாசு காட்டும் பலகையை ஊருக்குள் வையுங்கள்

ஐயா,

தாமிர உருக்காலை என்றாலே அது தூத்துக்குடிக்காரர்கள் கவலை என்று கடலூரில் ஒதுக்கிவிடுகிறோம். 2018 மே மாதம் அங்கே ஆலையை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததை இவ்வளவு சீக்கிரம் மறக்கலாமா? தாமிரத் தாதுவில் கந்தகம் உண்டு. உருக்கும்போது அது கந்தக டை ஆக்சைடாக வெளியேறும். அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்க வேண்டும். தவறினால் பக்கத்துத் தெருக்காரர்களின் நெஞ்சுக்குள்தான் போகும்.

எங்கள் குடிகாட்டுப் பக்கம் தாமிர ஆலை இல்லை. ஆனாலும் பனிக்கால இரவுகளில் ஏதோ ஓர் ஆலையிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் இறங்கும். கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகித்தான் பேத்தியைத் தூங்க வைக்கிறேன். புகார் சொன்னால் அதிகாரிகள் மறுநாள் மதியம் வருகிறார்கள். அதற்குள் கடற்காற்று எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது.

கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு, நம் நாட்டில் கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 40. அதுவும் சராசரிதான். நள்ளிரவில் ஒரு மணி நேரம் மூச்சு முட்டியது அந்தக் கணக்கில் தெரியாது. எந்த வாயுவானாலும் மணிக்கொரு முறை அளவு காட்டும் பலகையை எங்கள் பள்ளிக்கூட வாசலில் வையுங்கள்.

- ஒரு வாசகர், குடிகாடு, கடலூர்