பவர் வாங்கினால் இடம் வாங்கியதாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் இதழில் வந்த நிலத் தகராறு பற்றிய செய்தியில் "இடத்தைப் பவர் வாங்கியவர்" என்று ஒரு வரி இருந்தது. 22 வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். பவர் பத்திரம் வாங்கினால் இடம் வாங்கியதாகாது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பவர் என்ற சொல் நம் வாயில் எத்தனை வேலை செய்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கரண்ட் போனால் பவர் கட். கண்ணாடி மாற்றினால் பவர் ஏறியிருக்கிறது. எங்கள் ஈரோட்டுப் பக்கம் தறி என்றாலே பவர்லூம். ஆளுங்கட்சி பவரில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அந்தச் சொல் இப்படித்தான் பல பொருளில் புழங்குகிறது. 'முடியும்' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. தமிழில் நாம் இவற்றையெல்லாம் பிரித்தே வைத்திருக்கிறோம். தறிக்கு விசை, மோட்டாருக்குக் குதிரைத்திறன், கணக்கில் அடுக்கு, ஆட்சிக்கு அதிகாரம். இத்தனையையும் ஒரே சொல்லில் போட்டு அடைக்கும்போது சில இடங்களில் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. பவர் கட் என்றால் யாருக்கும் குழப்பமில்லை, கண்ணாடிக் கடையிலும் இல்லை.

மாத்திரை விஷயம் அப்படியில்லை. "உனக்கு 500 பவர், எனக்கு வெறும் 5 பவர்தான்" என்று என் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுடையது ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், அக்காவுடையது காய்ச்சலுக்கான பாராசிட்டமால். அந்த எண்கள் மருந்தின் எடையை மில்லிகிராமில் சொல்கின்றன. வேறு வேறு மருந்துகளின் வேகத்தை அதை வைத்து ஒப்பிட முடியாது. தைராய்டு மாத்திரையில் 50, 100 என்று போட்டிருப்பதோ மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். 5 தானே, ஒரு நாள் விட்டால் என்ன என்று அம்மா நினைத்திருந்தார். பயமாக இருந்தது எனக்கு.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். பவர் பத்திரம் என்று எல்லோரும் சொல்வதன் சரியான பெயர் பொது அதிகார ஆவணம். எனக்காக நீ இந்த வேலைகளைச் செய் என்று சொத்துக்காரர் இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பது, அவ்வளவுதான். இலங்கைத் தமிழர் இதை அற்றோணித் தத்துவம் என்பார்கள். அங்கே தத்துவம் என்றால் அதிகாரம். எந்தப் பெயரில் சொன்னாலும் சொத்து கைமாறுவதில்லை. கிரயப் பத்திரம், அதாவது விற்பனைப் பத்திரம், பதிவானால்தான் இடம் வாங்கியவருக்குச் சொந்தம். கிரயப் பத்திரம் இல்லாமல் பவரை மட்டும் எழுதி வாங்கும் விற்பனையால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனாலும் 'பவர் வாங்கிட்டோம்' என்று நம்பி வருகிறவர்கள் நிற்கவில்லை. சில வருடங்களுக்கு முன் தறி ஓட்டும் கணவன் மனைவி இருவர் என்னிடம் வந்தார்கள். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பவர் மட்டும் எழுதி வாங்கியிருந்தார்கள். கிரயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இடைத்தரகர் சொன்னாராம். நடுவில் சொத்துக்காரர் இறந்துபோனார். எழுதிக்கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துபோகும் என்கிறது 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. அதிகாரத்தை எழுதி வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால் விதிவிலக்கு உண்டுதான், ஆனால் அதை நிலைநாட்ட நீதிமன்றப் படி ஏறியாக வேண்டும். இறந்தவரின் பிள்ளைகள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். "பவர்னா அவங்க பவர் எல்லாம் எங்களுக்கு வந்துடுச்சுன்னு நினைச்சோம் சார்" என்று அந்த அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் அந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லுக்கு ஊரில் இருக்கும் பொருளைத்தான் அவர் புரிந்துகொண்டார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. "விற்கிறதுக்கு இல்லீங்க, சும்மா பவர்தான்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடுகிற முதியவர்கள். விற்கும் அதிகாரமும் அந்த ஆவணத்துக்குள் ஒரு வரியாக இருக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம்.

பேச்சிலிருந்து பவரை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது நடக்காது. நிலம், வீடு பற்றிய செய்திகளில் மட்டுமாவது 'பவர் எனப்படும் பொது அதிகார ஆவணம்' என்று எழுதுங்கள். பவர் வாங்கினார் என்று வரும் இடத்தில் 'கிரயம் ஆகவில்லை' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
ஈரோடு மாவட்டம்.